நேப்பியை மீட்டார்கள், ‘கெட்ட முடி’யைக் கைவிட்டார்கள்

1998 நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பள்ளியில் பெரிய ரகளை நடந்தது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், வெள்ளைக்காரர், ‘நேப்பி ஹேர்’ என்ற படக்கதையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருந்தார். வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீனோ குழந்தைகள். கதையை எழுதிய கரோலிவியா ஹெரன் கறுப்பினப் பெண். ஒரு சிறுமியின் சுருள்முடியைக் கொண்டாடும் கதை அது. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய்ப் பிரதி கேட்டார்கள், ஆசிரியையும் நகலெடுத்துக் கொடுத்தார். அந்தக் கறுப்பு வெள்ளை நகல்கள் பெற்றோர் கண்ணில் பட்டன. தலைப்பில் இருந்த ‘நேப்பி’, கறுப்பினத்தவரின் இறுகிய சுருள்முடியைப் பழிக்கும் அந்த ஒரு சொல்லே, போதுமானதாக இருந்தது. பேச்சு மிரட்டல் வரைக்கும் போய், கடைசியில் ஆசிரியை அந்தப் பள்ளியை விட்டே போய்விட்டார்.

2007 ஏப்ரலில் வானொலித் தொகுப்பாளர் டான் ஐமஸ் அதே சொல்லோடு இன்னொரு வசைச்சொல்லையும் சேர்த்து, ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியை நேரலையில் இழிவுபடுத்தினார். அடுத்த வாரமே சிபிஎஸ் அவருடைய நிகழ்ச்சியை நிறுத்தியது.

இந்த இரண்டையும் வைத்து ‘யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் விஷயம்’ என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். அது சரிதான், ஆனால் போதாது. ஏனென்றால் கறுப்பினத்தவர்களும் தங்கள் முடியைப் பழித்த எல்லாச் சொற்களையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் ‘நேப்பி’யும் ‘கிங்கி’யும் மீண்டன. பிரேசிலில் ‘கிரெஸ்பு’ மீண்டது. மூன்றும் இறுகிய சுருளைச் சொல்பவை. டொமினிகன் குடியரசில் புதர்போல் விரிந்த முடியைக் கேலி செய்த ‘பஹோன்’ இன்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதே நாட்டின் ‘பெலோ மாலோ’, அதாவது ‘கெட்ட முடி’, அப்படி மீளவில்லை. முறுக்கி இறுக வளர்க்கும் சடைகளுக்கான ‘ட்ரெட்லாக்ஸ்’ என்ற பெயர் பாதி வெட்டுப்பட்டு ‘லாக்ஸ்’ ஆகிவிட்டது.

இதில் ஓர் ஒழுங்கு இருப்பதாகவே நான் நினைக்கிறேன். முடியின் உருவத்தைச் சொல்லும் சொல்லை மீட்க முடியும். அதற்குள், எவ்வளவு கேலி படிந்திருந்தாலும், சீப்புப் பிடிக்கும் கைக்கு உதவுகிற ஒரு தகவல் இருக்கிறது. வெறும் தீர்ப்பை மட்டும் சொல்லும் சொல்லில் மீட்பதற்கு ஒன்றும் இல்லை.

நேப்பியை எடுத்துக்கொள்வோம். ‘நேப்’ என்பது துணியின் மேல் மெத்தென்று எழுந்து நிற்கும் இழை நுனிகள். ஃபிளானலைத் தடவினால் கையில் படுமே, அதுதான். அடிமைமுறைக் காலத்தில் மனிதத் தலைமுடியைத் துணியோடும் ஆட்டு ரோமத்தோடும் சேர்த்துப் பேசினார்கள். அது வெறும் கேலியாக மட்டும் நிற்கவில்லை, ‘அறிவியல்’ என்றும் வேடம் போட்டது. 1850களில் பிலடெல்பியாவில் பீட்டர் பிரௌன் என்ற வழக்கறிஞர் உலகெங்கிலுமிருந்து முடி சேகரித்து, குறுக்குவெட்டை அளந்து, கறுப்பினத்தவர் தலையில் இருப்பது முடியே இல்லை, கம்பளி, ஆகவே அவர்கள் வேறு இனம் என்று எழுதினார். அவர் தொகுத்த முடி ஆல்பங்கள் இன்றும் அந்த நகரின் இயற்கை அறிவியல் அகாதெமியில் இருக்கின்றன. அவர் கண்ட நீள்வட்டக் குறுக்குவெட்டு உண்மைதான், அதிலிருந்து எடுத்த முடிவுதான் அபத்தம். எல்லா மனித முடியும் ஒரே கெரட்டின் புரதம். இறுகிய சுருள்முடியில் மயிர்க்கால் தோலுக்குள்ளேயே வளைந்திருக்கிறது, இழை தட்டையான நீள்வட்டமாக வெளியே வருகிறது, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போலச் சுருண்டுகொண்டே வளர்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மூன்று விளைவுகள். தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கும். இதில் ஒவ்வொரு வளைவிலும் தடைப்பட்டு நின்றுவிடும், அதனால் நுனி எப்போதும் காய்ந்திருக்கும். ஒவ்வொரு வளைவும் இழை ஒடியக்கூடிய இடம். பக்கத்துப் பக்கத்துச் சுருள்கள் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். நேப்பி என்ற சொல் சுட்டுவது இந்த மூன்றாவதைத்தான். இதைத் தெரிந்துகொண்டவர், காய்ந்த முடியில் நெருக்கமான பல் சீப்பை வேரிலிருந்து இழுக்க மாட்டார்.

ஆனால் பல தலைமுறைகளாக நடந்தது அதுதான். காய்ந்த முடி, சின்னச் சீப்பு, பள்ளிக்கு நேரமாகிவிட்ட காலை. இழுத்தால் வலிக்கும், பிள்ளை அழும், ‘உனக்கு மென்மண்டை’ என்று பழி பிள்ளை மேலேயே விழும். பிடரியில் சட்டைக் காலர் உரசி உரசிச் சுருண்டு இறுகிப்போகும் முடிக்கு ஆப்ரிக்க அமெரிக்கப் பேச்சில் ‘கிச்சன்’ என்று பெயர். அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பால் முடியை நேராக்கியதும் சமையலறையில்தான். வசவு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, அன்புள்ள கைகளின் வழியாகவே, காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் இந்தச் சொல்லின் மீட்பும் முழக்கத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிட முடியாது. சிக்கெடுக்கும் முறை மாற வேண்டும்.

அந்த முறையை விவரமாகவே சொல்கிறேன். இழுத்துப் பிடித்தால் தோள்வரை வரும் இறுக்கமான சுருள்முடிக்கு இந்த அளவுகள் பொருந்தும்.

குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயை முடியின் நீளத்தில் தடவ வேண்டும், தலைத்தோலில் அல்ல. தேங்காய் எண்ணெய் இழைக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-இல் மும்பை ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகு வகிடு எடுத்து முடியை எட்டுப் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கிளிப் போட்டு ஒதுக்க வேண்டும். ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்து, தண்ணீரைத் தெளித்து நன்றாக ஈரமாக்கி, இரண்டு மேசைக்கரண்டி கண்டிஷனர் பூச வேண்டும். மொத்தத்தில் கால் லிட்டர் வரை போய்விடும். பாட்டிலில் ‘ஒரு நாணய அளவு’ என்று போட்டிருப்பது நேரான முடிக்காரர்களுக்கான கணக்கு. அதை நம்பிக் கொஞ்சமாகப் போடுவதுதான் முதலில் நடக்கும் தவறு.

கண்டிஷனர் போட்ட பிறகும் முதலில் விரல்தான், சீப்பு அப்புறம். நுனியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் மேலே முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நுனிச் சிக்கை எடுத்துவிட்டு, பிடியை மேலே நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மேலே பிடித்திருப்பதால் இழுப்பு வேருக்குப் போகாது, வலியும் இருக்காது. வேரை எட்டிய பிறகு அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்தே. ஒரு பாகம் முடிந்ததும் அதை இரண்டு புரியாக முறுக்கி வைத்துவிட வேண்டும். முறுக்காமல் விட்டால் அடுத்த பாகத்தை முடிப்பதற்குள் இது மறுபடி சிக்கிக்கொள்ளும்.

இந்தக் கட்டத்தில் கையில் ஒரு பெரிய முடி உருண்டை வரும், புதிதாக ஆரம்பித்தவர்கள் பதறிப்போவார்கள். யார் தலையிலிருந்தும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். நேரான முடி உதிர்ந்தால் தரையில் விழும். சுருள்முடி உதிர்ந்தாலும் பக்கத்துச் சுருள்கள் அதை விடாது. வாரத்துக்கு ஒரு முறை சிக்கெடுத்தால் ஏழு நாள் முடியும் ஒன்றாக வரும். ஒரு இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் இயல்பாக உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் குட்டை குட்டையாக வந்தால் ஒடிந்தது. முடி போதிய ஈரமில்லை, அல்லது கை அவசரப்பட்டது.

முறுக்கை அவிழ்க்காமலேயே ஷாம்பூவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்து அலச வேண்டும். துவட்டுவதற்கு டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையங்கள் சுருளைப் பிடித்து இழுக்கும். பழைய பருத்தி டி-ஷர்ட் போதும். முடி இன்னும் சொட்டும் ஈரத்தில் இருக்கும்போதே, அலசாமல் விடும் கண்டிஷனர், அதன் மேல் எண்ணெய், அதன் மேல் க்ரீம் அல்லது ஷியா வெண்ணெய், இந்த வரிசையில் போட வேண்டும். எண்ணெய் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், தானாக ஈரத்தைக் கொண்டுவராது. காய்ந்த முடியில் எண்ணெய்க்கு மேல் எண்ணெயாகப் பூசினால், முடி பிசுபிசுப்பாகவும் இருக்கும், உள்ளே வறண்டும் இருக்கும். மேலே வெள்ளைத் துகள் பூத்தால் க்ரீமும் ஜெல்லும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். தலையில் போடுவதற்கு முன் இரண்டையும் உள்ளங்கையில் குழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், திரிதிரியாகப் பிரிந்தால் சேர்க்கக் கூடாது. கடைசியில் பதினாறு இருபது முறுக்காகப் போட்டு, முழுக்கக் காயவிட்டு, இரவில் சாட்டின் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பருத்தித் தலையணை உறை ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சிவிடும்.

இத்தனைக்கும் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அரைநாளை இதற்கென்றே ஒதுக்கி ‘வாஷ் டே’ என்று சொல்வது அதனால்தான்.

‘இந்த முடி வளராது’ என்பது இன்னொரு பழி. வளரத்தான் செய்கிறது. இழுத்தால் முப்பது சென்டிமீட்டர் இருக்கும் முடி, காய்ந்து சுருண்டால் பத்துக்கும் கீழே போய்விடும். சுருங்கும்போது ஓர் இழை தன்னைத் தானே முடிச்சுப் போட்டுக்கொள்வதும் உண்டு. அந்த முடிச்சை அவிழ்க்க முயலாமல் அதற்குச் சற்று மேலே வெட்டிவிட வேண்டும், கூரான கத்தரியால். மழுங்கிய கத்தரி நுனியைப் பிளந்துவிடும். நுனி ஒடிவது நின்றாலே நீளம் தெரிய ஆரம்பிக்கும்.

இனி, தீர்ப்பு மட்டுமே சொல்லும் சொற்கள். ‘நல்ல முடி, கெட்ட முடி’ என்ற பிரிவினை அமெரிக்கக் கண்டங்கள் முழுக்க உண்டு. ஸ்பானியத்தில் பெலோ மாலோ, போர்த்துகீசியத்தில் ‘கபேலு ருயிங்’. கெட்டது என்ற சொல்லிலிருந்து சீப்பின் பல் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்றுகூடத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே டொமினிகன் பெண்கள் ‘என் கெட்ட முடி எனக்குப் பெருமை’ என்று சொல்லவில்லை, ‘கெட்ட முடி என்று ஒன்று கிடையாது’ என்கிறார்கள். சூடான காற்றை ஊதி முடியை நேராக்குவதற்குப் பேர்போன சாந்தோ தொமிங்கோவில், சுருள்முடிக்கென்றே ‘மிஸ் ரிசோஸ்’ என்ற சலூனை கரோலினா கொந்த்ரேராஸ் நடத்திக்காட்டினார். பிரேசிலில் 2020 ஜூனில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாருக்கு ‘கிரெஸ்பின்யா’ என்று பெயர் வைத்திருந்த பொம்பிரில் நிறுவனம், எதிர்ப்பு வெடித்ததும் அதைத் திரும்பப் பெற்றது. கிரெஸ்பு என்ற சொல்லை முடிக்காரர்கள் மீட்டு வைத்திருந்ததால்தான் அதை நார்ப் பெயராக்கியபோது அவ்வளவு கோபம் வந்தது.

‘நல்ல முடி’யின் விலை என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். கொதிக்கும் சீப்பு முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத்தான் கலைக்கும். மழையோ வியர்வையோ பட்டால் சுருள் திரும்பிவிடும். முடியை நேராக்கப் பூசும் ரசாயனமான ரிலாக்ஸர் அப்படி இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடோ, கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடினும் சேர்ந்த கலவையோ, பி.எச். 12-க்கு மேல் இருக்கும். புரதத்தின் டைசல்ஃபைடு பிணைப்பையே அறுத்துவிடும், அந்த இழை மறுபடி சுருளாது. ஆறு எட்டு வாரத்தில் வேரில் சுருள் வளர்ந்ததும் மறுபடி பூச வேண்டும், பழைய பகுதியில் பட்டால் முடி அங்கேயே துண்டாகும், தலைத்தோல் வெந்து புண்ணாகும். விட முடியாத பழக்கம் என்பதால் இதற்குப் போதைப்பொருளின் பெயரைச் சேர்த்து ‘க்ரீமி க்ராக்’ என்று கறுப்பினப் பெண்களே பெயர் வைத்தார்கள். 2022 அக்டோபரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டார்கள். வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தியவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிட, கருப்பைப் புற்றுநோய் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபித்ததல்ல. ஆனாலும் ‘கெட்ட’ என்ற சொல் தலையோடு நிற்கவில்லை என்பதை யோசிக்க இது போதும்.

இங்கே நம் ஊருக்கும் பங்கு உண்டு. திருப்பதியில் காணிக்கையாக இறக்கும் முடி ஏலம் போய், சென்னை போன்ற இடங்களின் ஏற்றுமதியாளர்கள் வழியாக, விக்காகவும், சொந்த முடியோடு சேர்த்துத் தைக்கும் வீவாகவும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலைக்குப் போகிறது. அங்கே ‘இந்திய முடி’ என்பது ‘நல்ல முடி’யின் இன்னொரு பெயர். மொட்டை போட்டுக்கொள்ளும் பக்தைக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

லாக்ஸ் விஷயம் கொஞ்சம் வேறு. ஜமைக்காவில் தோன்றிய ஒரு சமய இயக்கத்தினரான ரஸ்தாஃபரிகள் ‘ட்ரெட்’ என்பதை இறையச்சத்தோடு சேர்த்துப் பெருமையாகவே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அடிமைக் கப்பல் வணிகர்கள் ‘பயங்கரமான முடி’ என்று வைத்த பெயர் என ஒரு கதை சுற்றுகிறது, அதற்கு ஆவணம் எதையும் யாரும் காட்டுவதில்லை. அந்தக் கதை இல்லாமலேயே, ‘பயம்’ என்ற பொருளுள்ள பாதியை ஒருவர் தன் தலையிலிருந்து கழற்றிப் போடலாம். ரஸ்தா நண்பரிடம் போய் ‘லாக்ஸ் என்று சொல்லுங்கள்’ என்று திருத்துவதும் தவறு, மற்றவரை அவர் விரும்பாதபோது ‘ட்ரெட்’ என்பதும் தவறு.

லாக்ஸ் மேல் ஒட்டிய பழி ‘அழுக்கு, சிக்கு’ என்பது. சிக்கு கவனிக்காமல் விட்டால் வருவது. லாக்ஸ் கட்டம் போட்டு வளர்ப்பது. தலைத்தோலை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு புரியாக முறுக்கித் தொடங்குவார்கள். கட்டத்தின் அளவைப் பொறுத்து அறுபதிலிருந்து நூற்றுக்கு மேல்கூட வரும். உதிரும் முடி உள்ளேயே பின்னிக்கொண்டு இறுகி, முழுசாக முதிர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். ஷாம்பூ கட்டாயம் போட வேண்டும். மெழுகும் கெட்டியான வெண்ணெயும் போட்டால் உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் படிந்துவிடும், பிறகு அலசினாலும் வராது. ஈரத்தோடு கட்டிக்கொண்டு படுத்தால் நடுவில் பூஞ்சை பிடித்து வாடை வரும். தடித்த லாக்ஸ் உள்வரை காய ஒரு நாள்கூட ஆகும். வேரை மறுபடி முறுக்குவது நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். வாரா வாரம் முறுக்கினால் நெற்றியோர முடி மெலிந்து, இழுப்பு வழுக்கை விழும்.

இவ்வளவு ஒழுங்குள்ள முடியை அமெரிக்க ராணுவத்தின் 2014 தோற்ற விதிகள் ‘சிக்குப் பிடித்த, ஒழுங்கற்ற’ என்ற சொற்களால் குறித்தன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கறுப்பினப் பெண் உறுப்பினர்கள் எழுதிய கடிதத்துக்குப் பின் அதே ஆண்டு அந்தச் சொற்கள் நீக்கப்பட்டன. 2017-இல் பெண் வீரர்களுக்கு லாக்ஸே அனுமதிக்கப்பட்டது. அலபாமாவின் மொபீல் நகரில் 2010-இல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வேலை, லாக்ஸை வெட்ட மறுத்ததால் பறிபோனது. ‘அது அலங்கோலமாகிவிடும்’ என்பது நிறுவனம் சொன்ன காரணம். முடி அலங்காரம் மாற்றிக்கொள்ளக்கூடியது, ஆகவே இது இனப் பாகுபாடு ஆகாது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த ஓட்டையைத்தான் கலிஃபோர்னியா 2019-இல் கொண்டுவந்த கிரௌன் சட்டம் அடைத்தது. முடியின் தன்மை, பின்னல், லாக்ஸ், முறுக்கு எல்லாவற்றையும் இனம் என்பதன் வரையறைக்குள் சேர்த்தது. பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின.

புதுச் சொற்களுக்குள்ளும் பழைய படிநிலை ஒளிந்துகொள்ளும் என்பதையும் கவனிக்க வேண்டும். சுருளின் இறுக்கத்தை எண்ணாலும் எழுத்தாலும் குறித்து இன்று எல்லோரும் சொல்லும் 3பி, 4ஏ, 4சி வகைப்பாட்டின் அடித்தளம் ஆந்த்ரே வாக்கர் என்ற ஒப்பனையாளர் 1990களில் வகுத்தது; 4சி பின்னால் பயன்படுத்துபவர்களே சேர்த்தது. எண் நடுநிலையாகத் தெரிகிறது. ஆனால் ‘இயற்கை முடி’ விளம்பரங்களில் தளர்ந்த சுருள்களே முன்னால் நிற்கின்றன, 4சி ‘கடினமான வகை’ என்று கடைசியில் வருகிறது. 2020 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் கிளிக்ஸ் கடை இணையதளத்தில் வந்த ஒரு ஷாம்பூ விளம்பரம், கறுப்பினப் பெண்ணின் முடிக்கு ‘வறண்டது, சேதமானது’ என்றும், வெள்ளையரின் முடிக்கு ‘இயல்பானது’ என்றும் தலைப்புக் கொடுத்திருந்தது. நிறவெறி ஆட்சியில் தலையில் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனம் முடிவு செய்த நாடு அது. கடைகளை முற்றுகையிட்டதில் வியப்பில்லை.

தமிழில் எழுதுகிறவர்களும் சப்டைட்டில் போடுகிறவர்களும் இதில் என்ன செய்யலாம்? ஐமஸ் போன்ற ஒருவர் வாயில் வரும் நேப்பிக்குப் ‘பரட்டைத் தலை’ பொருந்தும், அங்கே வசவு வசவாகவே தெரிய வேண்டும். தன் முடியைத் தானே நேப்பி என்று ஒரு பெண் சொல்லும் இடத்தில் பரட்டை என்று போட்டால் அவர் மீட்டதைப் பிடுங்கி எறிந்த மாதிரி. அங்கே ‘நேப்பி’ என்றே தமிழெழுத்தில் விடுங்கள், அல்லது ‘இறுக்கச் சுருள்’ என்று எழுதுங்கள். லாக்ஸுக்குச் ‘சடைமுடி’ என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. 1845 முதல் ஜமைக்காவுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்களின் சடாமுடிச் சாமியார்கள் ரஸ்தாக்கள் மேல் தாக்கம் செலுத்தியதாக வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு, ரஸ்தா முன்னோடி லெனர்ட் ஹவல்கூட ‘ஜி.ஜி. மராக்’ (கங்குங்குரு மராக்) என்ற புனைபெயரில் எழுதினார்.

‘முரட்டு முடி’ என்பதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அது தகவலாகவே பிழை. கையில் சொரசொரப்பாகத் தோன்றுவது சுருள்களின் நெருக்கத்தால். ஒரே ஓர் இழையை எடுத்து விரலில் உருட்டினால் பெரும்பாலும் மெல்லியதாக, சட்டென்று ஒடியக்கூடியதாக இருக்கும். தடிமன் கூடிய இழை பொதுவாகக் கிழக்கு ஆசியரின் நேர்முடியில்தான்.